72 படிகளுக்கு மேலே மதுரை

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாத விசாவில் வந்திறங்கும் அப்பா அம்மாக்களுக்கு ஊர் சுற்றும் பட்டியல் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். நயாகரா, சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில். அதில் பிலடெல்பியாவுக்கு ஒதுக்கப்படுவது ஒரே ஒரு சனிக்கிழமைதான். விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் கலை அருங்காட்சியகத்தின் எதிரில் வண்டியை நிறுத்துவார்கள். 1976-ல் வெளிவந்த ‘ராக்கி’ படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஓடி ஏறிய 72 படிகள் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகள் ஓடுவார்கள், உச்சியில் இரண்டு கையையும் தூக்குவார்கள், படம் எடுத்ததும் இறங்கிவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

படியேறி நின்றவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து கதவைத் திறந்திருந்தால், மாடியில் ஒரு மதுரை மண்டபம் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். படமோ மாதிரியோ இல்லை, மதுரையில் செதுக்கிய அசல் கருங்கல் தூண்கள். இதைச் சொன்னால் பிலடெல்பியாப் பக்கம் பத்து வருடமாகக் குடியிருப்பவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

அந்த மண்டபத்துக்காகவாவது இந்த ஊரில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு, அருங்காட்சியகத்துக்கு நடந்து போகிற தொலைவில் அறை எடுத்துத் தங்க வேண்டும் என்பது என் கட்சி. அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருட்கள் 2,40,000-க்கும் மேல். கூடங்கள் ஏறக்குறைய 200. காலையில் நுழைந்து மாலைக்குள் பார்த்து முடிப்பது என்று கிளம்பினால், மூன்றாவது மணி நேரத்தில் கண்கள் படங்களை விட்டுவிட்டு உட்கார இடம் தேட ஆரம்பிக்கும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் இந்தச் சோர்வைப் பற்றி 1916-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து அவதிப்படுகிறார் என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். நூறு வருடம் கழித்தும் அந்த முதுகுவலிக்கு மருந்து ஒன்றுதான்: இரண்டு மணி நேரம் பார்ப்பது, வெளியே வருவது, சாப்பிட்டுப் படுப்பது, மறுநாள் மறுபடி போவது.

நல்ல வேளையாக, இங்கே பொது நுழைவுச்சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்குச் செல்லுபடியாகிறது. அதே சீட்டில் பக்கத்திலுள்ள ரோடின் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். செவ்வாயும் புதனும் விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8.45 வரை திறந்திருக்கும். ஆகவே வெள்ளி மதியம் வந்து சேர்ந்து, அன்றைக்குப் பாதி, சனிக்கிழமை காலை மீதி என்று பிரித்துக்கொள்வது சிலாக்கியம். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல் விரும்பியதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் சலுகையும் உண்டு. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறை எடுக்க வசதியான இடம் லோகன் சதுக்கம். நகர மன்றத்திலிருந்து அருங்காட்சியகம் வரை கோணலாக ஓடும் பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே ஏறக்குறைய ஒரு மைல் நீளம். சதுக்கம் அதன் நடுவழியில் இருக்கிறது. அங்கிருந்து அருங்காட்சியகப் படிக்கட்டுக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை. பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதியை மனதில் வைத்து ஜாக் கிரேபர் என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ல் இந்தச் சாலைக்கு வடிவம் கொடுத்தார். இருபுறமும் பல நாட்டுக் கொடிகள் பறக்கும். நம் கொடியைத் தேடிக் கண்டுபிடித்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத இந்தியக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

ஹோட்டல் விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. இணையத்தில் காட்டும் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. பிலடெல்பியாவில் அறை வாடகைக்கு மேல் 15 சதவீதத்தைத் தாண்டி வரி சேரும். காரில் வந்தால் இரவு நிறுத்தக் கட்டணம் தனி. அதனால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வருவது உத்தமம். நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வந்து இறங்கும் 30-வது தெரு நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். பெரிய ஹோட்டல்களில் காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் வாடகையில் அடங்காது, நடுத்தர விடுதிகளில் அடங்கும். பெரியவர்களை அழைத்து வருபவர்கள் சிறு சமையல் மேடையும் குளிர்பெட்டியும் உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் தயிர்சாதத்துக்குப் பஞ்சமிருக்காது. தாளிக்கிற யோசனை மட்டும் வேண்டாம். கடுகு வெடிக்கிற புகைக்கு எச்சரிக்கை மணி அலறினால் தளம் முழுக்க எழுந்துவிடும்.

இன்னொன்று. நகரத்தின் பெரிய விழாக்களும் நவம்பர் மாரத்தான் ஓட்டமும் இந்தப் பார்க்வேயில்தான் நடக்கும். அந்த நாட்களில் அறை வாடகை ஏறும், சாலையும் அடைபடும். தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இனி கட்டடம். 1876-ல் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி இந்த ஊரில் நடந்தது. அதன் வழியாகப் பிறந்த அருங்காட்சியகம், இப்போதுள்ள குன்றின் மேல் 1928-ல் குடியேறியது. கிரேக்கக் கோயில் பாணியில் தேன் நிறக் கல்லால் ஆனது. வடிவமைத்த குழுவில் முக்கியமானவர் ஜூலியன் ஏபெல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அண்ணாந்து பார்த்தால் ஒரு முக்கோண முகப்பில் மட்டும் நீலமும் பொன்னும் சிவப்புமாகச் சுடுமண் தெய்வங்கள் நிற்கும். மற்ற முகப்புகள் காலியாகவே கிடக்கின்றன. வெள்ளைப் பளிங்குதான் கிரேக்கம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வண்ணங்கள் கண்ணை உறுத்துமாம். கோபுரத்தில் வண்ணம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சங்கடம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் பெரிய படிக்கட்டுக் கூடத்தின் உச்சியில் வில்லை நாணேற்றி நிற்கும் தங்க முலாம் பூசிய டயானா, ஒரு காலத்தில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டக் கட்டடத்தின் கோபுர உச்சியில் நின்றவள். அவளுக்கு மேலே தொங்கும் அலெக்சாண்டர் கால்டரின் வெள்ளை அசைசிற்பத்துக்கு ‘ஆவி’ என்று பெயர். அவருடைய தாத்தா செய்த வில்லியம் பென் சிலை நகர மன்ற உச்சியில் நிற்கிறது; லோகன் சதுக்கத்து நீரூற்று அப்பா செய்தது. ஒரே சாலையில் மூன்று தலைமுறை. கிறிஸ்தவ மூவொருமையை வைத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று உள்ளூர்க்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள்.

முதல் நாள் மாலைக்கு ஐரோப்பிய ஓவியங்கள் போதும். செசானின் ‘நீராடும் பெண்கள்’ பெரிய திரையில் இருக்கிறது, வான்காவின் சூரியகாந்தியும் இருக்கிறது. ஆனால் இந்த அளவுக்கு இங்கு மட்டுமே பார்க்கக் கிடைப்பது மார்செல் துஷாம்ப். அவருடைய பெரிய கண்ணாடிப் படைப்பு 1920-களில் வண்டியில் போகும்போது நொறுங்கியது. அவர் பத்து வருடம் கழித்து உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினார். விரிசல்களையும் படைப்பின் பகுதி என்று ஏற்றுக்கொண்டார். பக்கத்து அறையில் ஒரு பழைய மரக்கதவு, அதில் இரண்டு துளை. இருபது வருடம் ரகசியமாகச் செய்து, தன் மரணத்துக்குப் பிறகே காட்ட வேண்டும் என்று அவர் விட்டுப்போனது, 1969-ல் இங்கே வைக்கப்பட்டது. துளை வழியே தெரிவது நிர்வாணக் காட்சி. குழந்தைகளைத் தூக்கிக் காட்டும் முன் பெற்றோர் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

தாமஸ் ஈகின்ஸ் 1875-ல் வரைந்த ‘கிராஸ் அறுவைக்கூடம்’ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ரத்தம் தோய்ந்த கையோடு மருத்துவர் பாடம் நடத்தும் இந்த ஓவியத்தை, அதை வைத்திருந்த உள்ளூர் மருத்துவப் பல்கலைக்கழகம் 2006-ல் 6.8 கோடி டாலருக்கு வெளியூருக்கு விற்க ஏற்பாடு செய்தது. ஊரே கிளர்ந்தது. பணம் திரட்டி, அதே விலையைக் கொடுத்து இந்த அருங்காட்சியகமும் பென்சில்வேனியா நுண்கலைக் கழகமும் கூட்டாக வாங்கிக்கொண்டன. இப்போது இரண்டு இடத்திலும் மாறி மாறி இருக்கும்.

ஒரு படம் ஊரை விட்டுப் போகிறதே என்று பதறிய இதே நகரத்துக்கு, அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்னால், பதற ஆளில்லாமல் வந்து சேர்ந்தவை மதுரைத் தூண்கள். 1912-ல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி மதுரைக்குப் போயிருந்தார். கோயில் வளாகத்தில் இடிபாடாகக் குவிந்து கிடந்த கருங்கல் சிற்பங்களைக் கண்டு, அறுபதுக்கும் மேற்பட்டவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-ல் அவர் இறந்துபோக, குடும்பத்தார் அவர் நினைவாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருதப் பேராசிரியர் நார்மன் பிரவுன் மதுரைக்கே போய் ஆராய்ந்து, இவை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத்தைச் சேர்ந்தவை என்று 1940-ல் புத்தகம் எழுதினார். அந்தக் கோயில் இன்றும் மேலமாசி வீதிப் பக்கம் இருக்கிறது, பூசை நடக்கிறது. மண்டபம் மட்டும்தான் இங்கே.

இரண்டாம் நாள் காலை, கதவு திறந்ததும் நேரே மேலே போய்விடுங்கள். கூட்டம் அந்தப் பக்கம் வரப் பதினோரு மணி ஆகும். 16-ம் நூற்றாண்டு, மதுரையில் நாயக்கர் ஆட்சி வேர்விட்ட காலத்து வேலை. தூணோடு சேர்ந்து ஆளுயர உருவங்கள் முன்னால் பிதுங்கி நிற்கும். நம் ஸ்தபதிகள் அணியொட்டிக்கால் என்பது இந்த வகையைத்தான். கருடன் இருக்கிறார், அனுமன் இருக்கிறார், மேலே போதிகையில் சிங்கங்கள் குந்தியிருக்கின்றன. ஊரில் இதே மாதிரித் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டிருப்போம். தூணின் கால்மாட்டில் விபூதி கொட்டியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தலைக்கு மேல் உபயதாரர் பெயர் எழுதிய டியூப்லைட் எரியும். உருவத்தின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டோம். இங்கே பிசுக்கில்லை, டியூப்லைட் இல்லை. அனுமனின் தோளில் உளி எங்கே நின்று எங்கே திரும்பியது என்பதுவரை தெரிகிறது. தொடக் கூடாது, அவ்வளவுதான். தொடாமல் ஒரு தூணைப் பார்ப்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். கை தானாக நீளும், காவலர் கண்ணாலேயே தடுப்பார்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. திருப்பிக் கேட்க வேண்டாமா என்பார்கள். திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் திரும்பியது போல் இதைச் சுலபமாகப் பேசிவிட முடியாது. அது கருவறையிலிருந்து களவு போன மூர்த்தி. இது குவியலாகக் கிடந்து விலைக்குப் போன கல். ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில், பணக்காரப் பயணி கேட்ட விலையில் நடந்த விற்பனையை நியாயமான வியாபாரம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அருங்காட்சியகமே அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. 2016-ல் மண்டபத்தைச் சுற்றியுள்ள கூடங்களைப் புதுப்பித்துத் திறந்தபோது அதன் வரலாற்றை மறுபடி எழுத முனைந்தார்கள். 2022-ல் தனி நூலாகவும் வந்திருக்கிறது. என் கோபம் வேறு திசையில் போகிறது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி நம் ஊர்க் கோயில் தூண்களின் முகத்தைத் தேய்த்து மழுக்கியது 1912-ல் நடந்ததல்ல, நம் காலத்தில் நடந்தது. தடை போட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

மண்டபத்தைச் சுற்றியுள்ள இந்தியக் கூடங்களில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் கை தெரியும். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1896-ல் பிறந்தவர். தாகூர் அழைத்துச் சாந்திநிகேதனுக்கு வந்து, பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பல வருடம் பாடம் சொன்னவர். இந்துக் கோயில் பற்றி 1946-ல் அவர் எழுதிய இரண்டு தொகுதிகளைப் படிக்காமல் கோயில் கட்டடக்கலை ஆய்வில் யாரும் நகர முடியாது. 1954-ல் இந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்தவர் 1993-ல் இறக்கும்வரை இந்த ஊரை விடவில்லை. 1981-ல் அவர் நடத்திய சிவன் கண்காட்சி பெரும்பேர் பெற்றது. தன் சொந்தச் சேகரிப்பையும் அருங்காட்சியகத்துக்கே எழுதி வைத்தார்.

மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் அதே தளத்தில் ஜப்பானியத் தேநீர்க் குடிலையும் சீன அரண்மனைக் கூடத்தையும் கால் மணியில் கடந்துவிடலாம். 1925 முதல் முப்பது வருடம் இயக்குநராக இருந்த பிஸ்கே கிம்பலின் யோசனை இது: பொருட்களைத் தனித்தனியே வைக்காமல், அவை வாழ்ந்த அறையையே கொண்டுவந்து நிறுத்துவது. தேநீர்க் குடில் அழகுதான். ஆனால் மதுரையிலிருந்து நேராக அங்கே போனால் மனம் ஒட்டாது.

பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். பையை ஹோட்டல் வரவேற்பிலேயே விட்டுவைக்கலாம், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. நகர மன்றம் தாண்டி 1893-ல் திறந்த ரீடிங் டெர்மினல் சந்தையில் சைவக்காரர்களுக்கும் ஏதாவது அகப்படும். திரும்பும் வழியில் அதே சீட்டோடு ரோடின் அருங்காட்சியகம். ‘நரகத்தின் வாயில்’ என்ற அவருடைய மாபெரும் கதவுச் சிற்பத்தின் முதல் வெண்கல வார்ப்பு அங்கே இருக்கிறது. ரோடின் உயிரோடிருந்தவரை அது வெண்கலத்தில் வார்க்கப்படவே இல்லை. திரையரங்கு அதிபர் ஜூல்ஸ் மாஸ்ட்பாம் பணம் கொடுத்து வார்க்கச் செய்தார்; 1929-ல் அருங்காட்சியகம் திறந்தபோது அவரும் உயிரோடில்லை. பக்கத்திலேயே பார்ன்ஸ் அறக்கட்டளை, ரெனுவாரின் ஓவியங்கள் மட்டும் 181. அதற்குச் சீட்டு தனி, அரை நாளும் தனி. எனவே அதை இந்தப் பயணத்தில் திணிக்காமல், இன்னொரு வெள்ளிக்கிழமைக்கு அறை பார்த்துக்கொள்வது நல்லது.