சிற்றுருவ நீராவி எந்திரங்கள்

பெரியதொரு பொருளைச் சிறிய வடிவில் அமைத்துக் காண்பதில் மக்களுக்கு என்றும் விருப்பம் உண்டு. சிற்றில் இழைத்தும் சிறுதேர் உருட்டியும் மகிழும் இளம்பருவத்தில் தோன்றும் இவ்விருப்பம், சிலரிடத்து முதுமை வரையிலும் நீங்குவதில்லை. பிரிட்டன் நாட்டில் இஃது ஒரு நுண்ணிய கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அந்நாட்டு இருப்புப்பாதைகளில் ஒரு காலத்தில் ஓடிய நீராவி எந்திரங்களைப் பதினாறில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்னும் அளவுகளில் உலோகத்தால் செய்வோர் அங்குப் பலர் உளர். அவர்கள் செய்யும் எந்திரங்கள் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பார்க்கும் பொம்மைகள் அல்ல. அவற்றின் அடுப்பில் நிலக்கரி எரிகின்றது. கொதிகலத்தில் நீர் கொதிக்கின்றது. எழும் நீராவியின் ஆற்றலால் அவை தம்மைச் செய்தவரையே ஏற்றி இழுத்துச் செல்கின்றன.

இத்தகைய சிற்றுருவங்கள் பெரிய எந்திரங்களைப் பார்த்துப் பின்னர்ச் செய்யப்பட்டவை என்றே எவரும் எண்ணுவர். ஆயின், வரலாற்றில் சிற்றுருவமே முன்னர்த் தோன்றியது. 1784-ஆம் ஆண்டில் வில்லியம் மர்டாக் என்பவர் கார்ன்வால் பகுதியிலுள்ள ரெட்ரூத் என்னும் ஊரில், தானே ஓடும் மூன்று சக்கர நீராவி வண்டி ஒன்றைச் சிறிய அளவில் செய்தார். அதே பகுதியைச் சேர்ந்த ரிச்சர்டு டிரெவிதிக் என்பாரும் முதலில் சிறு மாதிரிகளைச் செய்து பார்த்தார். அதன் பின்னரே பெரிய எந்திரத்தைச் செய்ய முனைந்தார். 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், வேல்சு நாட்டின் பெனிடாரன் இரும்பாலைக்குரிய பாதையில் அவருடைய எந்திரம் 10 டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துச் சென்றது. இருப்புப்பாதையில் நீராவி எந்திரம் சுமை இழுத்த வரலாறு அன்று தொடங்கிற்று.

சிற்றுருவம் கற்பித்த மற்றொரு பாடமும் அறியத் தக்கது. 1763-ஆம் ஆண்டின் இறுதியில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குரிய நியூகோமன் எந்திரத்தின் மாதிரி ஒன்று பழுதுபார்ப்பதற்காக ஜேம்சு வாட்டிடம் வந்தது. சுரங்கங்களில் நீர் இறைத்த பெரிய எந்திரங்கள் நன்கு இயங்கின. அவற்றைப் போலவே செய்யப்பட்ட அம்மாதிரியோ சில முறை அசைந்தபின் நின்றுவிட்டது. வாட்டு அதன் காரணத்தை ஆராய்ந்தார். உருளை சிறியதாகுந்தோறும், அதன் உள்ளிருக்கும் நீராவியின் அளவை நோக்கச் சுவரின் பரப்பு மிகுதியாகின்றது. அச்சுவரில் பட்டு நீராவி வீணே குளிர்ந்து நீராகின்றது. பெரிய எந்திரத்தில் மறைந்திருந்த குறையைச் சிறிய மாதிரி வெளிப்படுத்திற்று. நீராவியைக் குளிர்விப்பதற்குத் தனிக்கலம் வேண்டும் என்னும் புதிய கருத்து, 1765-ஆம் ஆண்டில் வாட்டின் உள்ளத்தில் உதித்ததற்கு இவ்வாராய்ச்சியே வித்தாயிற்று.

பெரிய எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்தால் மாதிரி ஏன் சரிவர இயங்குவதில்லை? இதற்கு விடை கணிதத்தில் உள்ளது. நீளம் 16-இல் ஒரு பங்காகக் குறையும்பொழுது, பரப்பு 256-இல் ஒரு பங்காகின்றது. கன அளவும் எடையும் 4,096-இல் ஒரு பங்காகின்றன. நீளம், பரப்பு, எடை ஆகிய மூன்றும் ஒரே படியில் இறங்குவதில்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நைஜல் கிரெஸ்லி என்னும் பொறிஞர் வகுத்த அமைப்பின்படி செய்யப்பட்ட 'மல்லார்டு' என்னும் எந்திரம், 1938-ஆம் ஆண்டு சூலை 3-ஆம் நாள் மணிக்கு 126 மைல் விரைவில் ஓடிப் புகழ் பெற்றது. அதன் பெருஞ்சக்கரத்தின் விட்டம் 80 அங்குலம்; மாதிரியில் அது 5 அங்குலம் ஆகும். நீரும் நிலக்கரியும் சுமக்கும் பின்வண்டி நீங்கலாக அவ்வெந்திரத்தின் எடை ஏறத்தாழ 103 டன். மாதிரியின் எடையோ ஏறத்தாழ 25 கிலோகிராமே. அன்று அது இழுத்த தொடரின் எடை ஏறத்தாழ 240 டன். அதனை 4,096-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 60 கிலோகிராம். அஃதாவது, வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை. சிற்றெந்திரம் தன்னைச் செய்தவரை இழுத்துச் செல்வது விந்தையன்று என்பது இதனால் விளங்கும்.

நீராவி உந்தும் விசை, உருளையினுள் உள்ள உந்துதண்டின் பரப்பைப் பொறுத்தது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்போ எந்திரத்தின் எடையைப் பொறுத்தது. மல்லார்டின் கொதிகலத்தில் ஒரு சதுர அங்குலத்திற்கு 250 பவுண்டு அழுத்தம் இருந்தது. அதே அழுத்தத்தை மாதிரியிலும் வைத்தால், எடையை நோக்க விசை பதினாறு மடங்கு மிகுந்து, சக்கரங்கள் பிடிப்பின்றி வழுக்கிச் சுழலும். ஆதலால் மாதிரிகளில் 80 முதல் 100 பவுண்டு வரையிலான அழுத்தமே பெரும்பாலும் போதியதாகின்றது. எறும்பு தன்னினும் எடை மிகுந்த பொருளை இழுத்துச் செல்வதற்கும், யானைக்கு அஃது இயலாமைக்கும் இக்கணக்கே காரணம்.

ஆதலின், மாதிரி செய்வோர் எதனை உள்ளவாறே காத்தல் வேண்டும், எதனை மாற்றுதல் வேண்டும் என்று அறிந்து தொழில் செய்தல் வேண்டும். முதல்நூலோடு பொருளால் முழுதும் ஒத்து, வேண்டும் இடத்து வேறுபாடும் கொண்டு, மரபு அழியாமல் நடப்பது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. சிற்றெந்திரம் செய்வோர் தொழிலும் அத்தகையதே. பெரிய எந்திரம் முதல்நூல். மாதிரி அதன் வழிநூல்.

அவ்வாறு வேறுபடுத்த வேண்டும் உறுப்புகளுள் தலையாயது கொதிகலம். பெரிய கொதிகலம் அரை அங்குலத்திற்கும் மேற்பட்ட தடிப்புள்ள எஃகுத் தகடுகளால் ஆவது. அத்தடிப்பைப் பதினாறில் ஒரு பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே எஞ்சும். துருவோ சிறியது பெரியது என்று பார்ப்பதில்லை. பெருந்தகட்டில் கீறல் போல் தோன்றும் அரிப்பு, மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். எனவே, சிறு கொதிகலங்களைப் பெரும்பாலும் துருப்பிடியாத செம்பினால், கணக்கில் வரும் அளவினும் தடிப்பாகச் செய்து, வெள்ளி கலந்த பற்றாசு இட்டுப் பொருத்துகின்றனர்.

அடுப்பின் அனல் கொதிகலத்து நீரினூடே செல்வதற்குப் பல குழாய்கள் அமைந்திருக்கும். 1829-ஆம் ஆண்டு ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த போட்டியில் 500 பவுன் பரிசு பெற்ற 'ராக்கெட்' என்னும் எந்திரத்தில் 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் இருந்தன. பதினாறில் ஒரு பங்கு மாதிரியில் அவை எழுதுகோலினும் மெல்லியவாகிவிடும். புகைக்கரி விரைவில் அடைத்துக்கொள்ளும். அனலும் எளிதில் செல்லாது. ஆகவே, குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் சற்றுப் பெரிதாக்குவர். வெளித்தோற்றம் ராக்கெட்டாகவே இருக்கும். உள்ளமைப்பு மாதிரிக்கு ஏற்றதாக இருக்கும்.

கொதிகலத்து நீரின் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயிலும் இத்தகைய இடர் உண்டு. குழாய் மிக மெல்லியதாயின் நீர் அதன் சுவரைப் பற்றி மேலேறி நிற்கும். காற்றுக் குமிழும் இடையே தங்கும். அதனால் நீர் குறைந்திருக்கும்பொழுதும் நிறைந்திருப்பது போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும். அதனை நம்பி ஓட்டினால் அடுப்பின் மேல்தகடு நீரின்றிக் காய்ந்து கெடும், பெருந்தீங்கும் நேரலாம். அழகு கருதி இக்குழாயை மெல்லியதாக்காமல், அளவுக்கு மிஞ்சிய அகலமுடையதாக வைப்பதே அறிவுடைமை. பாதையில் கிடக்கும் மணற்பரலும் பதினாறில் ஒரு பங்காகச் சிறுப்பதில்லை. ஆகவே சக்கரம் பாதையை விட்டு விலகாமல் காக்கும் விளிம்பும் கணக்கினும் சற்றுப் பெரிதாக அமைக்கப்படுகின்றது. குட்டையான புகைபோக்கி தானே காற்றை இழுக்க வல்லதன்று. எனவே, தீ மூட்டும்பொழுது அதன் வாயில் சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை இழுக்கச் செய்வர். எந்திரம் ஓடத் தொடங்கியபின், உருளைகளிலிருந்து வெளியேறும் நீராவியே புகைபோக்கி வழியே விரைந்து சென்று தீயை வளர்க்கும்.

இனி, செய்யும் முறையைக் காண்போம். முதலில் எஃகுத் தகடுகளை அறுத்து அரத்தால் செப்பனிட்டுச் சட்டத்தை அமைப்பர். பின்னர் வார்ப்பிரும்புச் சக்கரங்களைக் கடைசல் பொறியில் கடைந்து அச்சுகளில் பொருத்துவர். இரண்டு உருளைகள் உள்ள எந்திரத்தில் ஒரு பக்கத்து வளைதண்டும் மறுபக்கத்து வளைதண்டும் ஒன்றற்கொன்று செங்கோணத்தில் நிற்குமாறு பொருத்துதல் இன்றியமையாதது. ஒரு பக்கத்து உந்துதண்டு தன் எல்லையை அடைந்து விசையற்று நிற்கும்பொழுது, மறுபக்கத்து உந்துதண்டு முழுவிசையோடு தள்ளும். ஆதலால் எந்த நிலையில் நின்றாலும் எந்திரம் புறப்பட இயலும். உருளைகளும் வால்வுகளும் அமைந்தபின், அழுத்திய காற்றைச் செலுத்தி ஓட்டிப் பார்ப்பர். கொதிகலம் முடிந்ததும் அதில் நீரை நிறைத்து, இயங்கும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பர். நீர் அழுத்தத்தால் சுருங்காத தன்மையது. எனவே குறை இருந்தால் கசிவு தோன்றுமேயன்றி வெடிப்பு நேராது. இச்சோதனையில் தேறாத கொதிகலத்தில் தீ மூட்டுதல் கூடாது என்பது இத்தொழிலின் முதல் அறம். ஓய்வு நேரத்தில் மட்டும் உழைப்போர்க்கு ஓர் எந்திரம் முடியப் பல ஆண்டுகள் ஆதலும் உண்டு.

இக்கலையை வளர்த்ததில் இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1898-ஆம் ஆண்டில் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினீர்' என்னும் இதழைத் தொடங்கினார். பிரைட்டன் வழிப் புகைவண்டிக் கழகத்தில் பணியாற்றிய லாரன்சு என்பவர், அக்கழகத்தின் பெயரெழுத்துகளான 'எல்.பி.எஸ்.சி.' என்பதையே புனைபெயராகக் கொண்டு அவ்விதழில் பல்லாண்டுகள் எழுதினார். அக்காலத்தில், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் சிற்றெந்திரத்திற்குச் சாராய விளக்கின் தீயே ஏற்றது என்று கருதினோர் பலர். பெரிய எந்திரத்தைப் போன்ற கொதிகலமும் நிலக்கரித் தீயும் இருந்தால் அச்சிற்றெந்திரமும் மனிதரை இழுக்கும் என்றார் லாரன்சு. 1920-களின் தொடக்கத்தில் இதுபற்றிப் பெருஞ்சொற்போர் மூண்டது. அது 'கொதிகலப் போர்' என்றே பெயர் பெற்றது. லாரன்சு சொற்போரோடு நில்லாமல், தாம் செய்த 'ஆயிஷா' என்னும் சிற்றெந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அது மனிதரை இழுத்துச் சென்றது. பின்னர் எளிய கருவிகளே உடையோரும் செய்யத்தக்க எந்திரங்கள் பலவற்றை வகுத்து, படிப்படியாக விளக்கி எழுதினார். 1967-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆயினும் அவர் வகுத்த வழியில் எந்திரங்கள் செய்வோர் மறையவில்லை.

மாதிரி செய்வோர் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். ராக்கெட் எந்திரம் அழியாமல் காக்கப்பட்டுள்ளது. ஆயினும், போட்டியில் ஓடிய காலத்துச் சாய்வாக உயர்ந்து நின்ற அதன் உருளைகள், சில ஆண்டுகளுள்ளேயே தாழ்த்தி அமைக்கப்பட்டன. காக்கப்பட்ட எந்திரத்தை மட்டும் அளந்து செய்வோர் 1829-ஆம் ஆண்டின் ராக்கெட்டைச் செய்தவர் ஆகார். பழைய வரைபடங்களையும் ஓவியங்களையும் குறிப்புகளையும் ஒப்பிட்டு நோக்கியே உண்மை வடிவைக் காணுதல் வேண்டும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தேர்ந்து நூலைப் பதிப்பிப்போர் உழைப்பைப் போன்றது இவ்வுழைப்பு.

இவ்வாராய்ச்சியின் அருமை, இழந்தவற்றை எண்ணும்பொழுது நன்கு புலனாகும். அகலப்பாதையில் ஓடிய 'நார்த் ஸ்டார்', 'லார்டு ஆஃப் தி ஐல்சு' என்னும் புகழ்பெற்ற இரண்டு எந்திரங்கள் ஸ்விண்டன் தொழிற்சாலையில் வைத்துக் காக்கப்பட்டன. 1906-ஆம் ஆண்டில், வைக்க இடமில்லை என்று அவற்றை உடைத்துவிட்டனர். பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில் அரசின் நீராவி வண்டிப் போக்குவரவு 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாளோடு முடிவுற்றது. எண்ணற்ற எந்திரங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. 49 எந்திரங்கள் கொண்ட 'ஏ-1' வகையில் ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆயின், வரைபடங்கள் எஞ்சின. செய்யும் அறிவும் எஞ்சிற்று. அவற்றைக் கொண்டு ஆர்வலர்கள் பொருள் திரட்டி, அவ்வகையில் புதியதோர் எந்திரத்தை முழு அளவிலேயே டார்லிங்டன் நகரில் செய்து, 2008-ஆம் ஆண்டில் 'டார்னேடோ' என்னும் பெயருடன் ஓடவிட்டனர். அதன் கொதிகலமும் பழைய முறைப்படி செம்பு அடுப்பும் தறையாணியும் கொண்டு அமையாமல், முழுதும் எஃகினால் உருக்கி ஒட்டிச் செய்யப்பட்டது. பெரிய உருவிலும் 'எதனைக் காப்பது, எதனை மாற்றுவது' என்னும் வினாவே எழுந்தது காண்க.

ஒரு பொருள் அழிந்தாலும், அதனைச் செய்யும் அறிவு அழியாதிருந்தால் அப்பொருள் மீண்டும் பிறக்கும். அறிவு அழிந்துவிட்டாலோ, காட்சிச்சாலையில் நிற்கும் பொருளும் ஊமையாகிவிடும். அவ்வறிவு நூலில் மட்டும் தங்குவதன்று. அரம் பிடிக்கும் கையிலும், தீயின் நிறம் நோக்கும் கண்ணிலும், நீராவியின் ஒலியை அறியும் செவியிலும் தங்குவது. ஒரு தலைமுறையினர் மற்றொரு தலைமுறையினர்க்குத் தொழிலின் வாயிலாகவே அதனை வழங்குகின்றனர். பழமையை உள்ளவாறே பற்றி நிற்றலும் அதனை அறவே விடுத்தலும் ஆகிய இரண்டும் எளிய செயல்கள். அதன் உட்பொருளை உணர்ந்து, இடத்திற்கும் அளவிற்கும் ஏற்ப அமைத்து இயங்கச் செய்தலே அரிய செயல். மூன்றரை அங்குலப் பாதையில் மெல்லப் புகைவிட்டு ஓடும் சிற்றெந்திரம் அவ்வரிய செயலுக்குச் சான்றாக விளங்குகின்றது.