பீடிங்கை உருவிப் பாருங்கள்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் வந்ததும் பானெட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். உள்ளே பளிச்சென்று துடைத்து வைத்திருந்தால் தலையாட்டுவார்கள். தூசி படிந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். என்னோடு வருகிறவர்களை நான் கதவைத் திறக்கச் சொல்வேன். நாலு கதவையும், பிறகு டிக்கியையும். பானெட் கடைசியில்.

நான் டிங்கர். மதுரையில் ரிங் ரோட்டுப் பக்கம் சின்ன ஷெட். அடிபட்டு வருகிற வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்டரிடம் ஒப்படைப்பது என் வேலை. அடிபட்டது தெரியாமல் செய்கிறவனைத்தான் எங்கள் தொழிலில் கைகாரன் என்பார்கள். அதனால், வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடும்போது எனக்கே சிரிப்பு வரும். ஒளித்து வைக்கிறவனையே தேடவும் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி. ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குள் முதல் கார் வாங்குகிறவருக்கு இன்ஜின் இரண்டாம்பட்சம். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றலாம். ரேடியேட்டர் ஒழுகினால் மாற்றலாம். இன்ஜினே ஆயில் குடித்தாலும் பிரித்து ரிங் போட்டு ஓட்டலாம். ஆல்டோ, வேகன் ஆர், பழைய சான்ட்ரோ, பெட்ரோல் ஸ்விஃப்ட் என்று நம் ஊர்த் தெருக்களில் ஓடுகிற எதற்கும் சாமான் கிடைக்கும், பழகிய கை கிடைக்கும். நெளிந்த பாடிக்கும் குழம்பிய பேப்பருக்கும் அப்படி வழி கிடையாது. இந்த இரண்டையும் காசு கொடுத்து மறைக்க முடியும், சரிசெய்ய முடியாது.

கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் தங்கச்சி ஒருத்தி ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் வேகன் ஆர் பார்த்து வைத்திருந்தாள். 2012 மாடல், வெள்ளி நிறம், சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட். விளம்பரத்தில் போடுகிற அத்தனையும் இருந்தது. “டாக்டர் ஓட்டின வண்டி, மேஸ்திரி” என்றார் கடைக்காரர். எந்தக் கடையிலும் ஒரு டாக்டர் வண்டி நிற்கும். ஊரில் இத்தனை டாக்டர்கள் ஏன் கார் விற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு அங்கேயே சந்தேகம். பத்து வருஷத்துக்கு மேல் வெயிலில் நின்ற வண்டியின் கூரை கொஞ்சமாவது மங்கியிருக்க வேண்டும். முன் பம்பரில் கல் தெறித்த புள்ளி இருக்க வேண்டும். இடது பக்கப் பின் கதவைத் திறந்து, வாசலைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பீடிங்கைப் பிடித்து மெல்ல உருவினேன். அது கையோடு வந்துவிடும், திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. பீடிங்குக்கு உள்ளே இரண்டு தகரம் சேர்கிற விளிம்பு இருக்கும். கம்பெனியில் மெஷின் வைத்த ஸ்பாட் வெல்டிங் அந்த விளிம்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக, ஒரே மாதிரி இடைவெளி விட்டு வரிசையாகத் தெரியும். வலது பக்கத்தில் அந்த வரிசை சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் நடுத்தூணுக்குக் கீழே குழிகளே இல்லை. விளிம்பு வழவழவென்று இருந்தது; விரலை ஓட்டினால் ஓர் இடத்தில் மட்டும் லேசான மேடு.

“என்னண்ணே பாக்குறீங்க?”

“தூணை மாத்தியிருக்காங்கம்மா. பக்கவாட்டுல பலமா வாங்கியிருக்கு.”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல வேலை, அதைச் சொல்லியாக வேண்டும். யாரோ பொறுமைசாலி நாள்கணக்கில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். ஆனால் கூரையைத் தாங்குகிற தூண் அது. காரின் தகரக்கூடு எங்கே மடங்க வேண்டும், எங்கே மடங்காமல் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்திருப்பார்கள். வெட்டி ஒட்டிய பிறகு அந்தக் கணக்குக்கு யாரும் பொறுப்பில்லை. அடுத்த அடி அதே பக்கம் விழுந்தால் உள்ளே இருக்கிறவரின் கதி என்ன என்று, ஒட்டினவருக்கும் தெரியாது.

அவள் கடைசியில் எடுத்தது ஓர் ஆல்டோ. கதவில் பைக் உரசிய கோடு, பின் பம்பரில் சுவரில் இடித்த நசுங்கல், பெயின்ட் மங்கல். எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு அந்த மாதிரி வண்டியைத்தான் பிடிக்கும்.

பீடிங்குக்கு அடுத்தபடியாக டிக்கி. ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அது உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். பின்னால் அடி வாங்கிய வண்டியில் அந்தத் தகரம் சுருங்கியிருக்கும், அல்லது அங்கு மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். பிறகு பானெட், ஃபெண்டர், கதவு இவற்றின் போல்ட்டுகள். கம்பெனி போல்ட்டின் மேல் பெயின்ட் முழுசாக இருக்கும். ஸ்பானர் வைத்திருந்தால் முனைகளில் உரிந்திருக்கும். ஒரு ஃபெண்டரைக் கழற்றி மாட்டியது பெரிய குற்றமில்லை. முன்னால் இன்ஜினுக்கு இரு பக்கமும் நீளமாக ஓடுகிற லாங் மெம்பர் நெளிந்து நிமிர்ந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அதில் எத்தனை தடவை வீல் அலைன்மென்ட் பார்த்தாலும் டயர் ஒரு பக்கமே தேயும்.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுக்கும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும், பழைய தேதி டயரில் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. விலை பேசும்போது நாலு டயருக்கான காசைக் கழித்துப் பேசுங்கள்.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ஓட்டுகிறவர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய மலிவு வண்டிகள் பலவற்றில் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். விபத்தில் பேக் வெடித்த பிறகு புதுசு வாங்கிப் போட நிறையச் செலவாகும். டாஷ்போர்டை ஒட்டிவிட்டு விளக்கை மட்டும் பிடுங்கிவிடுகிற கைகள் எங்கள் தொழிலிலும் உண்டு.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். பேஸ்மென்ட்டில் நின்ற கார்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். டோட்டல் லாஸ் என்று இன்சூரன்ஸில் கணக்கு முடித்த வண்டி எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தினமும் இழுக்கிற நீளம் சுத்தமாக இருக்கும், அதற்கு உள்ளே சேற்றுக் கறை கோடு போட்டு நிற்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பிகளில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாசனை, ஃப்யூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள். சீட் கவரை மாற்றி வாசனைத் திரவியம் தெளித்திருந்தாலும் இவை போகாது. இந்த வண்டி வாங்கிய அன்று நன்றாகத்தான் ஓடும். ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் காலை வாரும். கடலோர ஊர் வண்டிகளில் இதே வேலையை உப்புக் காற்று நிதானமாகச் செய்யும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வண்டி என்றால் ஜாக்கி வைக்கிற இடத்தைக் குனிந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்ஜினுக்கு வருவோம், சுருக்கமாக. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு உள்ளே பாலாடை போல வெள்ளையாகப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கிலோமீட்டரை நம்ப வேண்டாம், லேப்டாப் வைத்துக் குறைக்கிறார்கள். மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எது பொய் என்று உங்களுக்கே தெரியும். முதல் வண்டியாக டீசல் வேண்டாம். மாருதியே 2020 ஏப்ரலோடு டீசல் காரை விட்டுவிட்டது. இஞ்ஜெக்டரும் டர்போவும் கோளாறு செய்தால் வண்டி விலையில் கால்வாசி போகும். இப்போது பங்க்குகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறதே என்று எல்லாரும் கேட்கிறார்கள். பழைய வண்டியின் பெட்ரோல் ட்யூப்களை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

பேப்பரில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு தேதி, எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். அதோடு நிற்காமல் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் பதியும்; இன்சூரன்ஸ் ஆட்கள் பென்சில் பிரின்ட் என்பது அதைத்தான். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த அடையாளமோ வெல்டிங்கோ இருந்தால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், “லோன் முடிஞ்சிருச்சு சார்” என்ற பேச்சு போதாது. பேங்க் கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வர வேண்டும்.

டெல்லி வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வயது நெருங்கிய வண்டிகள் அடிமாட்டு விலைக்கு மற்ற மாநிலங்களுக்கு நகர்ந்தன. விலையைக் கேட்டால் ஆசை வரும். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும், புது நம்பர் வாங்க வேண்டும். முதல் தடவை வாங்குகிறவருக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் கருத்து. பதினைந்து வருஷம் நெருங்கிய உள்ளூர் வண்டியிலும் ஒரு கணக்கு உண்டு. பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி.க்குக் காட்டுவதற்காகச் செய்கிற டிங்கரிங், பெயின்டிங். என் கடைக்கு அது வருமானம், உங்களுக்குச் செலவு.

விற்கிறவர் படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளோடு வண்டி மூன்று, நாலு கை மாறும். ஆர்.சி.யில் பழைய பெயரே இருக்கும். இப்படிப் பல கை மாறிய வண்டி விபத்து செய்த வழக்கில், நஷ்டஈட்டுக்குப் பதிவில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. கடையில் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுப் போடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்தத் தள்ளுபடியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வண்டியை எடுக்கிற அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். காலையில் அவர் சிக்னலைத் தாண்டியதற்கு மாலையில் உங்களுக்கு அபராதம் வரக் கூடாது. பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும்வரை ஒரு பத்தாயிரமாவது பிடித்து வையுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், “நம்பிக்கை இல்லையாண்ணே?” என்பார். சிரித்துக்கொண்டே பிடித்து வையுங்கள். அவர் வாங்கும்போதும் அப்படித்தான் பிடித்து வைத்திருப்பார்.