காவல் நாயின் முதல் மூன்று மாதங்கள்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை அடுத்து லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிடுவோர் இரவில் அஞ்சுவது காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்குமே. பன்றிக் கூட்டமொன்று ஓரிரவிற் புகுந்தால், மாதக் கணக்கில் நீர் ஊற்றி வளர்த்த பாத்திகள் விடியுமுன் கிளறப்பட்டுக் கிடக்கும். வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கங்களில் நெற்செய்கையில் ஈடுபட்டுள்ள கமக்காரரும் இத்தொல்லையை நன்கறிவர். ஆகவே காவற்குடில்தோறும் ஒரு நாய் காணப்படுவது இயல்பே. ஆனால், அவ்வாறு கட்டப்பட்ட நாய்களுள் உண்மையாகக் காவல் செய்வன சிலவே. ஒன்று பன்றி வந்தாலும் வாய் திறவாது ஒடுங்கிக் கிடக்கும். மற்றொன்று காற்றில் அசையும் சவுக்கு மரத்தைக் கண்டு இரவெல்லாம் குரைக்கும். இன்னொன்று கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களையும் பள்ளிச் சிறுவரையும் கடிக்கப் பாயும்.

இத்தகைய நாயைக் குறித்து, “சாதி சரியில்லை” என்று சொல்லி வேறு குட்டி தேடுவது வழக்கம். பிழை பெரும்பாலும் சாதியிலன்று, குட்டியைக் கையாண்ட முறையிலேயே உள்ளது. மோப்பம், கூரிய செவி, தன் எல்லைக்குள் அயலார் வரின் குரைக்கும் இயல்பு ஆகியவை பிறப்பிலேயே அமைந்தவை. எனினும் நல்ல விதைநெல்லிலிருந்து வந்த நாற்றும், நாற்றுமேடையிலேயே மூத்துப்போனால் வயலில் நன்கு மட்டம் வெடிப்பதில்லை என்பதைக் கமக்காரர் அறிவர். நாய்க்குட்டியின் நாற்றுமேடைக் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையாகும்.

இதனை ஐக்கிய அமெரிக்காவின் பார் ஹாபர் என்னுமிடத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் நடந்த சோதனை தெளிவாகக் காட்டியது. பிரீட்மன், கிங், எலியட் ஆகியோர் 1961ஆம் ஆண்டில் இதன் முடிபுகளை வெளியிட்டனர். உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில் மனிதரைக் காணாது குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் அவை வெளியே எடுக்கப்பட்டு, ஒரு வாரம் மனிதருடன் பழக விடப்பட்டன. மூன்றாவது வாரத்தில் எடுக்கப்பட்டவை தயக்கமின்றி மனிதரை நாடின. வயது ஏற ஏற அச்சம் மிகுந்தது. பதினான்கு வாரம் வரை மனிதரைக் காணாதவை காட்டு விலங்குகள் போலவே விலகி நின்றன. பின்னர் எவ்வளவு தடவிக் கொடுத்தும் அவற்றிற் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1950களில் நடந்த ஆய்வு இதனிலும் வியப்பானது. ஸ்கொட்டிஷ் ரெரியர் சாதிக் குட்டிகளுட் சில, வெளியுலகைப் பார்க்க முடியாத கூடுகளில் தனியே வளர்க்கப்பட்டன. அவற்றின் உடன்பிறந்த குட்டிகள் வீடுகளில் வளர்ந்தன. வளர்ந்த பின் எரியும் தீக்குச்சியைக் காட்டியபோது, வீட்டில் வளர்ந்தவை உடனே விலகக் கற்றன. கூட்டில் வளர்ந்தவையோ சுட்ட பின்னரும் மீண்டும் மூக்கை நீட்டின. தாய் ஒன்று, தந்தை ஒன்று, அறிவு மட்டும் வேறாயிற்று.

இனி மலைநாட்டில் நடப்பதைப் பார்ப்போம். லயத்தில் ஈன்ற நாயின் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், நாலாம் வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றது. உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதே குட்டி தன் கடியின் வலிமையை அடக்கக் கற்கின்றது. மிக முந்திப் பிரிக்கப்பட்ட குட்டிக்கு அப்பாடம் கிட்டாது. எட்டு வாரம் நிறையும்வரை தாயுடன் விடுதல் நன்று.

அடுத்த பிழை, கொண்டுவந்த அன்றே அதனைத் தோட்டத்தில் சங்கிலியிற் கட்டித் தனியே விடுவதாகும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளில் குட்டி குளிராலும் அச்சத்தாலும் கூனிக் குறுகும். மேலும், மலைநாட்டுச் சிறுத்தை நாயைத் தூக்கிச் செல்வது தோட்டத்தார் அறியாத செய்தியன்று. வளர்ந்த நாயையும் இரவில் வெளியே கட்டாது, உறுதியான அடைப்புக்குள் வைத்தல் வேண்டும். குட்டியின் பக்கத்தில் நின்று பன்றிவெடி கொளுத்துவோரும் உளர். அவ்வெடி பன்றியை ஒருநாள் விரட்டும். நாயை வாழ்நாள் முழுவதும் கோழையாக்கிவிடக் கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வேறொன்று. இளம் நாய் முதன்முதல் குரைக்கத் தொடங்கும்போது, அயல் வீட்டார் குறைகூறுவர் என்றஞ்சி அதனை அடிப்பர். காவல் செய்ததற்கு அடி விழுந்தால் அது வாய்மூடக் கற்றுக்கொள்ளும். அவ்வாறன்றி, குரைத்தவுடன் விளக்குடன் சென்று பார்த்து, பின் அமைதியாக அழைத்துத் தட்டிக் கொடுத்தல் வேண்டும். துரத்தி ஓட ஏவுதல் ஆகாது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி நாயையும் பிடிக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டு, சில நாளில் இறந்தது. சுருக்கு வைப்பதிலும் குரைக்கும் நாயொன்றை வளர்த்தல் மேலானது.

தடுப்பூசிகள் முடியுமுன் குட்டியைக் கட்டாக்காலி நாய்களோடு விடலாகாது. அதற்காக வீட்டினுள் பூட்டி வைக்கவும் வேண்டியதில்லை. கையில் ஏந்திச் சென்று மக்கள், ஆடுமாடு, லொறிச் சத்தம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்குரிய காலத்தை அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

ஏற்கெனவே கையாளுகையாற் கெட்டுக் கோழையான பெட்டை நாயின் குட்டிகளை வீணென்று கழித்துவிட வேண்டியதில்லை. அடியால் வந்த அச்சம் இரத்தத்தில் இறங்குவதன்று. ஆயினும் தாய் மனிதரைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்துக் குட்டியும் ஒதுங்கும். ஆதலால் மூன்றாம் வாரந்தொட்டு வீட்டாரும் சிறுவரும் நாள்தோறும் சிறிது நேரம் அக்குட்டிகளைக் கையிலெடுத்துப் பழகி வருதல் வேண்டும்.