வீட்டில் எழுதும் கட்டுரைக்கு இனி எப்படி மதிப்பெண் போடுவது?

மாணவர் வீட்டில் எழுதி வந்த கட்டுரைக்குப் பேராசிரியர் எழுபது மதிப்பெண் போடுகிறார். அந்த எழுபது எதற்குச் சாட்சி? மாணவர் படித்தார், யோசித்தார், தானே எழுதினார் என்று இத்தனை காலம் நம்பினோம். 2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவியான சாட்ஜிபிடி வெளிவந்தபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். உளவியல் பட்டப்படிப்பின் இணையவழித் தேர்வுகளில், இல்லாத 33 மாணவர்களின் பெயரில் ஏஐ எழுதிய விடைகளைச் சேர்த்தார்கள். திருத்தியவர்களுக்கு இது தெரியாது. அந்த விடைகளில் 94% யார் கண்ணிலும் சிக்கவில்லை. சராசரியில் அவை உண்மையான மாணவர்களைவிட அதிக மதிப்பெண்ணும் வாங்கின. 2024இல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் பேராசிரியர்களைத் திடுக்கிட வைத்தது.

மென்பொருளை வைத்துப் பிடிக்க முடியாதா?

ஏஐ எழுத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைச் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஓர் எளிய கணக்குப் போட்டது. அங்கு 2022இல் மென்பொருள் சோதனைக்குப் போன மாணவர் கட்டுரைகள் 75,000. கருவி நூற்றில் ஒன்றைத் தவறாகக் குற்றம் சாட்டினாலும், 750 கட்டுரைகள்மீது வீண்பழி விழும். 2023 ஆகஸ்டில் அந்தப் பல்கலைக்கழகம் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்திவிட்டது.

பழி எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61% கட்டுரைகளை ஏஐ எழுதியவை என்று அக்கருவிகள் தவறாகச் சொல்லின. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் சந்தேகப்படுவதுதான் இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படை. இரண்டாம் மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையே கையாள்வார், மாட்டிக்கொள்வார். வெளிநாட்டில் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இது நேரக்கூடிய அநீதி.

சிட்னியின் இரண்டு பாதைகள்

ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமான சிட்னி வேறு வழியில் போனது. டேனி லியூ, ஆடம் பிரிட்ஜ்மன் ஆகிய இரு பேராசிரியர்கள் 2023இல் ‘இரட்டைப் பாதை’ முறையை முன்வைத்தார்கள்.

முதல் பாதை, பாதுகாக்கப்பட்ட மதிப்பீடு. கண்காணிப்பில் நடக்கும் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு போன்றவை இதில் அடங்கும். மாணவருக்குத் தெரியுமா என்பதை ஆசிரியர் நேரில் உறுதிசெய்கிறார். இரண்டாவது, திறந்த மதிப்பீடு. இங்கே ஏஐக்குத் தடை இல்லை. எங்கே, எப்படிப் பயன்படுத்தினோம் என்று மாணவர் தெரிவித்தாக வேண்டும். 2025 முதல் இதுவே அப்பல்கலைக்கழகத்தின் விதி.

‘பாதி ஏஐ பயன்படுத்தலாம், முழுதாகக் கூடாது’ என்ற நடுப்பாதை இதில் கிடையாது. வீட்டில் நடப்பதை யாராலும் கண்காணிக்க முடியாதபோது அப்படி ஒரு தடை போட்டால், நேர்மையாக நடக்கும் மாணவர்தான் நஷ்டப்படுவார். ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் பூட்டுப் போடத் தேவையும் இல்லை. பட்டப்படிப்பின் முக்கியக் கட்டங்களில் உறுதியாகச் சோதித்தால் போதும்.

கேள்வி எப்படி மாறும்?

‘நகர வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை விவரி’ என்ற அசைன்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். இதை ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதிவிடும். இதையே இப்படிக் கேட்கலாம்: ‘உன் ஊர் வடிகால் ஒன்றை நேரில் போய்ப் பார். அதன் சிக்கலுக்கு ஏஐயிடம் தீர்வு கேள். அது சொன்னதில் எது அங்கே பொருந்தாது என்று காரணத்தோடு எழுது.’ அதன்பின் பத்து நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ‘ஏஐ சொன்ன இந்த அளவை ஏன் ஏற்கவில்லை?’ என்று ஆசிரியர் கேட்பார். வடிகாலின் ஓரத்தில் நின்று பார்த்தவர் உடனே பதில் சொல்வார், பார்க்காதவர் தடுமாறுவார்.

ஏஐயைத் தள்ளிவைத்துப் பழகும் நேரமும் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதைக் காட்டுகிறது. ஜிபிடி-4 என்ற ஏஐயின் துணையோடு கணக்குப் பயிற்சி செய்தவர்கள், அது இல்லாதவர்களைவிடப் பயிற்சியில் 48% சிறப்பாகச் செய்தார்கள். அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, முதலிலிருந்தே ஏஐ இல்லாமல் படித்தவர்களைவிட 17% பின்தங்கினார்கள். விடையைக் கொடுத்துவிடாமல் குறிப்பு மட்டும் தருமாறு வடிவமைத்த இன்னொரு வகைக் கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெருமளவு இல்லை.

யார் நேரம் தருவது?

முந்நூறு மாணவர்களுக்குப் பத்துப் பத்து நிமிட வைவா என்றால் ஐம்பது மணி நேரம். அந்த நேரத்தை ஆசிரியரின் வேலைக் கணக்கில் சேர்க்காமல் சீர்திருத்தம் பேசினால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஆஸ்திரேலிய உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பான டெக்ஸா, எல்லா உயர்கல்வி நிறுவனங்களிடமும் 2024இல் ஏஐ செயல்திட்டம் கேட்டுப் பெற்றது. திட்டத்தோடு ஆளும் நேரமும் ஒதுக்குவது நிர்வாகங்களின் கடமை.

பட்டம் என்பது சமூகத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் வாக்கு. இந்தப் பொறியாளர் கட்டிய பாலத்தில் நடக்கலாம், இந்தச் செவிலியர் போடும் ஊசியை நம்பலாம் என்று அது சொல்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற மாணவரின் எதிரே ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கான நேரத்தை ஆசிரியர்களுக்குக் கொடுங்கள்.