பிளானை மாற்றும் முன் ரவுட்டரைப் பாருங்கள்!

ஹாலில் வீடியோ கால் தெளிவாக இருக்கிறது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், "ஹலோ... நான் பேசுறது கேட்குதா?" என்று கத்த வேண்டியிருக்கிறது. உடனே பலரும் பணம் கூடக் கட்டி பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். மாதச் செலவு ஏறும். படுக்கையறையில் நிலைமை அப்படியேதான் இருக்கும். ஏன்?

கோளாறு எங்கே?

வீடு வரை இணையம் கேபிளில் வருகிறது. ரவுட்டரிலிருந்து மொபைலுக்கு வருவது வைஃபை அலை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். பிளானில் சொன்ன வேகம் வந்தால், பிரச்சினை வீட்டுக்குள்தான்.

2.4-ஆ, 5-ஆ?

பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அவன், புளூடூத் எல்லாம் அங்கேதான் நெரிசல் உண்டாக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம். இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தாலே திணறும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது?

டிவிக்குப் பின்னால், பீரோ பக்கத்தில், மூலையில் தரையோடு தரையாக வைக்காதீர்கள். உலோகமும் தண்ணீரும் அலைகளைத் தடுக்கும். வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

அட்டைப்பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். '300 எம்பிபிஎஸ்' என்று எழுதிய மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டின் வேகமே 100 எம்பிபிஎஸ்தான். அதில் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டால் பாதிப் பணம் வீண். 'ஜிகாபிட் போர்ட்' இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறைய மொபைல், டிவி, லேப்டாப் இருக்கும் வீட்டுக்கு வைஃபை 6 பொருந்தும். ஆனால், மொபைலும் வைஃபை 6-ஐ ஏற்றால்தான் முழுப் பலன்.

பெரிய வீடு, மாடி வீடு என்றால் ஒரே ரவுட்டர் போதாது. மலிவான ரிப்பீட்டர்கள் பலவும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். லேன் கேபிள் இழுத்து மாடியில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே உறுதியான வழி. கேபிள் இழுக்க முடியாவிட்டால் மெஷ் ரவுட்டர்.

பூட்டு போட்டாச்சா?

ரவுட்டர் செட்டிங்ஸில் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பாதுகாப்பில் டபிள்யூபிஏ3, அது இல்லையென்றால் டபிள்யூபிஏ2 தேர்ந்தெடுங்கள். விருந்தினருக்குத் தனியாக 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுக்கலாம்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். அதற்குக் காசு செலவில்லை. அடுத்து அலைவரிசையை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் ரவுட்டர். பிளானை மாற்றுவது கடைசி.