கையாளலும் கையாடலும்

'கையாளல்', 'கையாடல்' என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. பொதுப்பணத்தைக் கையாள்வது அரசு ஊழியரின் கடமை, கையாடுவது குற்றம்.

வரியாகவோ கட்டணமாகவோ மக்கள் செலுத்தும் தொகைக்கு ரசீது எழுதப்படுகிறது. அத்தொகை ரொக்கப் பதிவேட்டில் ஏறி, காலத்தாழ்ச்சியின்றிக் கருவூலக் கணக்கைச் சென்றடைய வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருப்பதைத் தணிக்கையாளர் காணும்போது, பணம் யார் பொறுப்பில் இருந்தது என்னும் வினாவே முதலில் எழுகிறது.

சட்டமும் அங்கிருந்தே தொடங்குகிறது. பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 409ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316(5) ஆகியுள்ளது. சாதாரண நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை. பொது ஊழியருக்கோ 10 ஆண்டு வரை சிறை அல்லது ஆயுள் சிறை, அத்துடன் அபராதம்.

பணம் மறைந்த வழியைப் படிப்படியாக மெய்ப்பிப்பது எவ்வாறு? எடுப்பவர் எவரும் சாட்சி வைத்துக்கொண்டு எடுப்பதில்லை. இவ்விடர்ப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1960இல் ஒரு வழக்கில் எதிர்கொண்டது. சாயமிடுவதற்காக அரசின் ஜவுளி ஆணையர் ஒப்படைத்த துணியில் ஒரு பகுதியை ஆலை இயக்குநர்கள் திருப்பித் தரவில்லை. பொருள் ஒப்படைக்கப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டபின், அதற்குரியவர் கணக்குத் தராமலோ நம்பத்தகாத விளக்கம் தந்தோ நின்றால், நேர்மையற்ற கையாடல் நிகழ்ந்ததென நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றது அத்தீர்ப்பு. கையாடிய முறையை அரசுத்தரப்பு துல்லியமாகக் காட்ட வேண்டியதில்லை.

ஆயினும் தொகை குறைந்த இடமெல்லாம் குற்றம் நிகழ்ந்த இடமன்று. கூட்டலில் பிழைபட்ட எழுத்தரும், பெட்டியைப் பூட்ட மறந்த காசாளரும் துறை நடவடிக்கைக்கு உள்ளாகலாம். இழப்பை ஈடுசெய்யவும் நேரலாம். நேர்மையற்ற எண்ணம் இல்லாதவரைக் கையாடலுக்காகச் சிறைக்கு அனுப்ப இயலாது. இருவர் பொறுப்பிலும் குறைந்த தொகை ஒன்றாகவே இருக்கலாம். கவனக்குறைவா, கள்ளமா என்பதைப் பதிவேட்டில் அடித்துத் திருத்திய இடங்களும், போலி ரசீதுகளும், ஊழியர் தரும் விளக்கமுமே காட்டித்தர வேண்டும். அப்பாவி ஒருவர் தப்புவதும் சிக்குவதும் பலநேரம் அன்றாடம் எழுதிய பதிவேட்டைப் பொறுத்தே அமைகிறது.

'சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம்' என்று எடுப்பவரின் நிலை வேறு. சிறிது காலத்திற்கு மட்டும் நேர்மையின்றி எடுத்துப் பயன்படுத்துவதும் கையாடலே எனச் சட்டம் வெளிப்படையாகவே உரைக்கிறது. முழுத்தொகையும் மாத இறுதியில் பெட்டிக்குத் திரும்பியிருந்தாலும், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அவருக்கு நான்காண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு.