பல் வைத்தியப் படிப்பு முடிந்தது, அடுத்தது என்ன?

"மகள் பல் வைத்தியம் முடிச்சிட்டாள்" என்று சொன்னதும், "ஸ்பெஷலிஸ்ற் ஆக வரப் படிக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். வென்ற்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் எங்கள் ஒன்றுகூடல்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

இதற்குக் காரணம் உண்டு. பேராதனையில் பட்டம் பெற்று வந்த பல் வைத்தியர்களே இங்கு எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் சித்தியடைந்த பின்புதான் தொழில் செய்ய முடியும். இழந்த இடத்தைப் பிள்ளைகளாவது பிடிக்கட்டும் என்று நினைக்கிறோம். ஆனால் பொதுப் பல் வைத்தியர் ஒரு படி குறைந்தவர் என்ற எண்ணம் சரியல்ல.

அவுஸ்திரேலியாவில் பற்சீரமைப்பு, வேர்ச் சிகிச்சை, முரசு நோய், சிறுவர் பல் வைத்தியம் உட்பட 13 விசேட துறைகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. நிபுணராகப் பதிவு பெற, முதலில் குறைந்தது 2 ஆண்டுகள் பொதுப் பல் வைத்தியராக வேலை செய்திருக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலும் 3 ஆண்டு முழுநேரக் கற்கை. வாய், தாடை அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவப் பட்டமும் வேண்டும்.

சிட்னி, மெல்பேர்ண் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்கு 3 ஆண்டு, பல் வைத்தியத்துக்கு 4 ஆண்டு. மேலே சொன்ன 5 ஆண்டுகளையும் கூட்டினால், 18 வயதில் தொடங்கிய பிள்ளைக்கு 30 ஆகிவிடும். கடைசி 3 ஆண்டுகளில் கற்கைக் கட்டணம் ஒருபுறம், இழக்கும் சம்பளம் மறுபுறம்.

பொதுப் பல் வைத்தியரும் உரிய பயிற்சி பெற்றால் வேர்ச் சிகிச்சை, பல் பதியம், பற்சீரமைப்பு செய்யலாம். 'நிபுணர்' என்ற பெயரைத்தான் சட்டம் தடுக்கிறது. நிபுணரிடம் வருவோரில் பெரும்பாலானோர் மற்றப் பல் வைத்தியர்கள் அனுப்பும் நோயாளிகள். அதனால் அவருக்கு நகரம் வேண்டும். பொதுப் பல் வைத்தியருக்குச் சிற்றூர்களிலும் வேலை உண்டு. வளர்ந்தவர்களின் சாதாரண பல் சிகிச்சைக்கு மெடிகெயார் பணம் தராது. எது அவசரம், எது பொறுக்கலாம் என்று எங்கள் அம்மம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்துபவரும் பெரும்பாலும் அவர்தான்.

சிக்கலான சிகிச்சைகளுக்கு நிபுணர்கள் கட்டாயம் தேவை. அந்த வேலையில் உண்மையான ஆசை உள்ள பிள்ளை தாராளமாகப் போகட்டும். அந்த ஆசையை அறியத்தான் அந்த 2 ஆண்டுகள். அதுவரை பெற்றோர் அவசரப்படுத்தாமல், ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "எந்த நோயாளியை வேறொருவரிடம் அனுப்பேக்க உனக்கு மனம் வரேல்லை?"